கம்ப்யூட்டர் என்பது ஒரு மனிதர் பார்த்த வேலையாக இருந்த காலம்

எண்சுவடி:

எல்லோருக்கும் வணக்கம். ஆங்கிலச் சொற்கள் பொருள் மாறிய கதையைப் பேசும்போது 'நைஸ்', 'சில்லி' இரண்டையும்தான் வழக்கமாக எடுப்பார்கள். முன்னது ஒரு காலத்தில் அறிவிலியைக் குறித்தது, பின்னது ஆசி பெற்றவரைக் குறித்தது என்பார்கள். உண்மைதான். ஆனால் என்னைப் பல ஆண்டுகளாக விடாமல் பிடித்து வைத்திருப்பது 'கம்ப்யூட்டர்' என்ற சொல். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அது ஒரு ஆளைத்தான் குறித்தது, பொருளை அல்ல.

அச்சில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழைய இடம் 1613-இல் ரிச்சர்ட் பிராத்வெயிட் எழுதிய ஒரு நூலில் வருகிறது. அங்கே கம்ப்யூட்டர் என்றால் காலத்தைக் கணக்கிட்டுச் சொல்பவர். 1646-இல் தாமஸ் பிரௌன் எழுதும்போதும் நாள்காட்டிக் கணக்குப் போடுகிறவர்களைத்தான் அப்படிச் சொல்கிறார். அதுவரை அது தொழிலின் பெயர் இல்லை. கணக்குப் போடுகிற யாரையும் அப்படி அழைக்கலாம்.

தொழிலின் பெயராக அது உறைந்தது 18ஆம் நூற்றாண்டில். கிரீனிச் வானாய்வகத்தின் தலைவர் நெவில் மாஸ்கலின் 1767ஆம் ஆண்டுக்கான கணிப்புகளோடு 'நாட்டிக்கல் அல்மனாக்' என்ற கடல் பஞ்சாங்கத்தைத் தொடங்கினார். நடுக்கடலில் மாலுமி தன் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க, நிலவுக்கும் குறிப்பிட்ட சில விண்மீன்களுக்கும் இடையே உள்ள கோணம் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். ஆண்டு முழுவதற்கும் இதைப் போட ஆள் வேண்டும். மாஸ்கலின் இங்கிலாந்தின் பல ஊர்களில் இருந்தவர்களை வேலைக்கு வைத்தார். அவர்கள் வீட்டிலிருந்தே கணக்குப் போட்டு அஞ்சலில் அனுப்பினார்கள். ஒவ்வொரு மாதத்தையும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் போட வேண்டும். மூன்றாமவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒருமுறை இரண்டு கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் விடையைப் பார்த்து எழுதிக்கொண்டது பிடிபட்டது. இருவருக்கும் வேலை போனது. ஒப்பிட்டுப் பார்த்தவருடைய உழைப்பு வீணானதற்கும் அவர்களே பணம் கட்ட வேண்டியிருந்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம். இயந்திரம் வந்ததால் சொல் இடம் மாறவில்லை. மனிதர் செய்த வேலையை, புரிந்துகொள்ளத் தேவையே இல்லாத சிறு துண்டுகளாக வெட்டி முடித்திருந்தார்கள். அதன் பிறகுதான் இயந்திரம் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தது. பெயரும் நாற்காலியோடு அதற்குப் போனது.

மழைக்காகிதம்:

நல்ல இழை. ஹேலி வால்மீனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1757-இல் பாரிஸின் லக்சம்பர்க் அரண்மனையில் அலெக்சி கிளேரோ, லலாந்த், நிக்கோல்-ரேன் லெபோத் என்ற மூன்று பேர் உட்கார்ந்து வியாழனும் சனியும் அந்த வால்மீனை எவ்வளவு இழுத்து நிறுத்தும் என்று மாதக்கணக்கில் போட்டார்கள். காலையிலிருந்து இரவு வரை, சில நாள் சாப்பாட்டு மேசையிலும் கணக்கு நடந்ததாக லலாந்த் எழுதியிருக்கிறார். 1759 ஏப்ரல் நடுவில் சூரியனுக்கு மிக அருகில் வரும், ஒரு மாதம் முன்பின் ஆகலாம் என்றார்கள். மார்ச் 13-இல் வந்தது. கிளேரோ பிறகு தன் நூலில் லெபோத் அம்மையாருக்குத் தரவேண்டிய நன்றியை விட்டுவிட்டார்.

கல்வெட்டு:

//சேர்த்துக்கொள்ளுங்கள்//

அவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்களுடைய மொழியில் சொல் வேறு, கால்குலாத்தர். இழை ஆங்கிலச் சொல்லைப் பற்றியது. ஆனாலும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் முறை அங்கேதான் தொடங்கியது என்பதால் பொருத்தம்தான்.

அப்படிப் பார்த்தால் பிரான்சில் இதைவிட முக்கியமானது 1790-களில் கஸ்பார் த ப்ரோனி செய்தது. புரட்சி அரசு செங்கோணத்தை 90 பாகையாக வைக்காமல் 100 பாகமாகப் பிரித்தது. அதற்கேற்பக் கோண அட்டவணையும் மடக்கை (லாகரிதம்) அட்டவணையும் எல்லாம் புதிதாக வேண்டும். ஆடம் ஸ்மித் 1776-இல் குண்டூசித் தொழிற்சாலையை வைத்து உழைப்புப் பிரிவினையை விளக்கியிருந்தாரே, அதைப் படித்த ப்ரோனி மடக்கைகளையும் குண்டூசி மாதிரியே உற்பத்தி செய்யலாம் என்று முடிவு செய்தார். மேலே சில கணித அறிஞர்கள், சூத்திரத்தை முடிவு செய்ய. நடுவில் ஏழெட்டுப் பேர், அதை எண்களாக்கித் தாள்களைத் தயார் செய்ய. கீழே 60 முதல் 80 பேர். இந்தக் கீழ்த்தட்டுக்குத் தெரிய வேண்டியது கூட்டலும் கழித்தலும் மட்டும். அவர்களில் பலர், பிரபுக்களுக்குத் தலையலங்காரம் செய்து பிழைத்து, புரட்சியில் பிழைப்பை இழந்தவர்கள் என்று ஒரு செய்தி வழங்கி வருகிறது. அதை முழுக்க நம்ப வேண்டாம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. பெரும் கையெழுத்துத் தொகுதிகள் உருவாயின. அன்றைக்கு முழுதாக அச்சேறவே இல்லை.

மழைக்காகிதம்:

கூட்டலும் கழித்தலும் மட்டும் தெரிந்தவர் மடக்கை எப்படிப் போடுவார்? எனக்கு இது புரியவே மாட்டேன் என்கிறது.

எண்சுவடி:

மழைக்காகிதம், இதை விளக்குவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1, 4, 9, 16, 25 என்று வர்க்கங்களை எழுதுங்கள். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம் 3, 5, 7, 9. அந்த வித்தியாசங்களின் வித்தியாசம் 2, 2, 2. எப்போதும் 2-தான். இப்போது 6-இன் வர்க்கம் வேண்டும் என்றால் பெருக்க வேண்டியதில்லை. கடைசி வித்தியாசம் 9-உடன் 2 கூட்டினால் 11. அந்த 11-ஐ 25-உடன் கூட்டினால் 36. அடுத்தது 11-உடன் 2, அதாவது 13. 36-உடன் 13 கூட்டினால் 49. வர்க்கம் என்றால் என்ன என்றே தெரியாத ஒருவரும் இப்படியே ஆயிரம் வரிகள் போகலாம்.

மடக்கைக்கு வித்தியாசம் இப்படி ஒரே எண்ணில் வந்து நிற்காது. ஆனால் சிறு சிறு இடைவெளிகளில் நாலாவது, ஐந்தாவது வித்தியாசம் வரை போனால் மிக நெருக்கமாக நிற்கும். நடுத்தட்டு ஆட்கள் ஒவ்வொரு பகுதியின் தொடக்க எண்களைத் துல்லியமாகக் கொடுத்துவிடுவார்கள். மீதி எல்லாம் கூட்டல்தான்.

ப்ரோனியின் இந்த ஏற்பாட்டை அறிந்த ஆங்கிலேயர் ஒருவர் இருந்தார், சார்லஸ் பாபேஜ். 1821-இல் அவரும் ஜான் ஹெர்ஷலும் வானியல் அட்டவணைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பிழைமேல் பிழையாக வர, இதை நீராவி இயந்திரமே போட்டிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று பாபேஜ் சொன்னார். அவர் வடிவமைத்த இயந்திரத்தின் பெயரே வித்தியாச இயந்திரம். ப்ரோனியின் கீழ்த்தட்டு 60-80 பேர் செய்ததை மட்டும் அது செய்யும். நான் முதல் பதிவில் சொன்னதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. பாபேஜ் கணித அறிஞருக்கு மாற்றாக எதையும் தேடவில்லை. கூட்டல் மட்டுமே தெரிந்தால் போதும் என்று ஏற்கெனவே ஆக்கப்பட்டிருந்த ஆளுக்குத்தான் மாற்றுத் தேடினார்.

கொழும்புத்துறை:

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். அந்த 1820-களிலேயே எங்கள் மொழிக்காரர் ஒருவர் வருகிறார், அவரையும் இங்கே கதைக்க வேண்டும்.

ஜான் வாரன் என்பவர் சென்னை வானாய்வகத்தில் சில காலம் பொறுப்பில் இருந்தவர். 1825-இல் சென்னையில் 'கால சங்கலித' என்ற நூலை வெளியிட்டார். அதில் புதுச்சேரியில் தான் சந்தித்த ஒரு பஞ்சாங்கக் கணக்கரைப் பற்றி எழுதுகிறார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்களையும் அசைகளையும் எண்ணாக மாற்றி, ஒரு நிலவு மறைப்பை (சந்திர கிரகணத்தை) வாரன் கண்முன்னே கணக்கிட்டுக் காட்டினார். எழுதிய அட்டவணை எதுவும் இல்லை. அது 1825 மே 31, ஜூன் 1 இரவில் நடந்த மறைப்பு. பிற்காலத்தில் ஓட்டோ நொய்கபவர் என்ற கணித வரலாற்றாளர் இந்தக் கணக்கை எடுத்து ஆராய்ந்து 1952-இல் எழுதினார். தொடக்க நேரத்தில் 4 நிமிடப் பிழை, நடு நேரத்தில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். தொலைநோக்கியும் தாளும் இல்லாமல் போட்ட கணக்குக்கு இது மிகப் பெரிய விடயம்.

நொய்கபவரை ஈர்த்தது பிழையின் அளவு மட்டுமல்ல. பாபிலோனியாவில் களிமண் பலகைகளில் கண்ட கணித முறையின் உறவை, எண்களைச் சொற்களாக மனப்பாடம் செய்து கணக்கிடும் இந்த வாக்கிய முறையில் அவர் கண்டார். அதாவது கிறிஸ்துவுக்கு முற்பட்ட ஒரு மரபின் கிளை 19ஆம் நூற்றாண்டில் ஒரு தமிழரின் நாவில் உயிரோடு இருந்திருக்கிறது.

எண்சுவடி அண்ணை, உங்களிடம் என் கேள்வி: இவரைக் கம்ப்யூட்டர் என்பீர்களா?

எண்சுவடி:

கட்டாயம். 1613-இல் பிராத்வெயிட் சொன்ன பொருளில் அவர் முழுமையான கம்ப்யூட்டர். மாஸ்கலினுக்கோ ப்ரோனிக்கோ கணக்குப் போட்டவர் முழு வேலையின் ஒரு பகுதியைத்தான் பார்த்தார். புதுச்சேரிக்காரர் தொடக்கத்திலிருந்து விடை வரை தானே போனார்.

மேட்டுத்தெரு:

//தொடக்கத்திலிருந்து விடை வரை தானே போனார்//

இதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. அந்த வாக்கியங்களும் முன்னோர் வெட்டிக் கொடுத்த துண்டுகள்தானே? அவர் அவற்றை மனப்பாடமாகச் சொல்லிச் சேர்த்தார். ஏன் அப்படி வருகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டிய தேவை இருந்ததா? வாரனே அவரைப் பற்றி, கொள்கை எதுவும் அறியாமல் கணக்கிட்டவராகத்தான் பார்க்கிறார். புரியாமல் கணக்குப் போடுவது தொழிற்சாலைக் காலத்தில் பிறந்தது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், இந்தியாவில் இந்தச் சொல்லை உத்தியோகப் பெயராகச் சுமந்த ஒருவரை விட்டுவிட்டீர்கள். ராதாநாத் சிக்தார். 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண நில அளவையில், கல்கத்தாவைச் சேர்ந்த சிக்தார் 1831-இல் கம்ப்யூட்டராகச் சேர்ந்தார். இருபது வயதுகூட நிரம்பவில்லை. பிறகு தலைமைக் கம்ப்யூட்டர் ஆனார். பதினைந்தாம் சிகரம் என்று எண் மட்டும் போட்டு வைத்திருந்த மலையின் உயரக் கணக்கு 1852-இல் அவர் பொறுப்பில் இருந்த வேலையிலிருந்துதான் வந்தது. அப்போதைய தலைமை அளவையாளர் ஆண்ட்ரூ வா அதை 1856-இல் 29,002 அடி என்று அறிவித்தார். பெயரோ, முன்பு தலைமை அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றுப் போன எவரெஸ்ட்டுக்குப் போனது. 

கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து உலகின் உயர்ந்த மலையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சிக்தார் கூவியதாகச் சொல்லும் கதையை நான் நம்பவில்லை. பல இடங்களிலிருந்து பார்த்த கோணங்களை, காற்றில் ஒளி வளைவதற்கான திருத்தத்தோடு ஆண்டுக்கணக்கில் பலர் சரிபார்த்த வேலை அது. ஆனால் அந்தக் கதை பொய் என்பதால் அவருடைய பங்கு சிறியது ஆகிவிடாது. ஒளிவிலகல் திருத்தம் தெரியாமல் அந்த உயரத்தைப் போட முடியாது. அதாவது, கம்ப்யூட்டர் என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே முழுக் கணித அறிஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

1843-இல் நில அளவைத் தொழிலாளர்களை ஒரு மாஜிஸ்திரேட் தன் சொந்தச் சுமை தூக்க வைத்தபோது சிக்தார் எதிர்த்து நின்று 200 ரூபாய் அபராதம் கட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும். 1851-இல் வந்த நில அளவைக் கையேட்டின் கணிதப் பகுதிகளை எழுதியவர் அவர். முதல் பதிப்புகளின் முன்னுரை அதை ஒப்புக்கொண்டது. அவர் 1870-இல் இறந்தார். 1875-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்த முன்னுரை இல்லை.

வெண்மதி_வா:

லெபோத் பெயர் போனது, சிக்தார் பெயர் போனது. இன்னும் இருக்கிறார்கள், கேளுங்கள்.

எண்சுவடி சொன்ன மாஸ்கலினின் பட்டியலில் லட்லோ என்ற ஊரின் ஜான் எட்வர்ட்ஸ் என்ற பாதிரியார் பெயர் இருக்கும். கணக்குப் போட்டது அவர் மனைவி மேரி. 1784-இல் கணவர் இறந்த பிறகு, குடும்பத்தைக் காப்பாற்ற வேலை தொடர வேண்டும் என்று மேரி கேட்டபோதுதான் அது அவர் பெயரிலேயே வந்தது. அவருடைய மகள் எலைசாவும் அதே வேலை பார்த்தார். 1830-களின் தொடக்கத்தில் பஞ்சாங்க வேலையை லண்டனில் ஓர் அலுவலகத்துக்குள் கொண்டுபோனார்கள். அரசு உத்தியோகம் ஆனது. பெண்ணுக்கு இடமில்லை. எலைசாவின் வேலை அத்துடன் போயிற்று. வீட்டில் நடந்தபோது பெண் செய்யலாம், அலுவலகம் ஆனதும் கூடாது.

ஹார்வர்டில் இது தலைகீழாக நடந்தது. 1877-இல் ஹார்வர்ட் வானாய்வகத்துக்குத் தலைவரான எட்வர்ட் பிக்கரிங், கண்ணாடித் தகடுகளில் எடுத்த வானப் படங்களை அளக்கப் பெண்களை வேலைக்கு வைத்தார். காரணம் எளிது. அதே காசில் அதிகம் பேரை வைக்கலாம். மணிக்கு 25 முதல் 30 சென்ட்டு வரை கூலி. அவர்களுக்கும் பெயர் கம்ப்யூட்டர். வில்லியமினா ஃபிளெமிங் பிக்கரிங் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர். ஆனி ஜம்ப் கேனன் ஏறக்குறைய மூன்றரை லட்சம் விண்மீன்களை வகை பிரித்தார். இன்றும் வானியல் மாணவர்கள் படிக்கும் வகைப்பாட்டு வரிசை அவர் ஒழுங்குசெய்தது. ஹென்ரியட்டா லீவிட் சிறிய மெகல்லன் மேகம் என்ற விண்மீன் திரளில் 25 மாறொளிர் விண்மீன்களை எடுத்துக்கொண்டு, ஒளி கூடிக் குறையும் காலம் நீள நீள விண்மீனின் உண்மையான பிரகாசமும் கூடுகிறது என்று 1912-இல் காட்டினார். அண்டத்தில் தூரத்தை அளக்கும் கோலே அதுதான். எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள் நம் பால்வீதிக்கு வெளியே இருக்கிறது என்று நிறுவியது இந்த உறவை வைத்துத்தான். அந்த 1912 அறிக்கை வெளியானது பிக்கரிங் கையெழுத்தில். முதல் வரியில் இது மிஸ் லீவிட் தயாரித்தது என்று எழுதினார், அவ்வளவுதான்.

எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது. கம்ப்யூட்டர் என்று பெயர் வைத்தால் அந்த ஆள் கண்டுபிடிக்க மாட்டார், கணக்கு மட்டும் போடுவார் என்று பொருள். பதவிப் பெயரே ஒருவரை எதுவரை வளரலாம் என்று தடுத்து நிறுத்தியது.

கல்வெட்டு:

வெண்மதி, உங்கள் ஆத்திரம் நியாயமானது. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. அன்றைக்கு வேறு அறிவியல் கதவுகள் பெண்ணுக்குப் பெரும்பாலும் திறக்கவில்லை. இந்த ஒரு கதவு, குறுகியதானாலும், திறந்திருந்தது.

பொருளாதார மந்தக் காலத்தின் இன்னொரு காட்சியைப் பாருங்கள். 1938-இல் நியூயார்க்கில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கக் கணித அட்டவணைத் திட்டம் ஒன்றை அரசு தொடங்கியது. ஒரு கட்டத்தில் 450 பேர். பலருக்குப் பள்ளிப் படிப்பே முழுதாக இல்லை. கணிதத் தலைமை ஜெர்ட்ரூட் பிளாங்க் என்ற பெண்மணி. ஒரு குழு கூட்டல் மட்டும், ஒரு குழு கழித்தல் மட்டும், ஒரு குழு பெருக்கல் மட்டும். நேர் எண்களைக் கறுப்பு மையிலும் எதிர் எண்களைச் சிவப்பு மையிலும் எழுத வேண்டும். கறுப்பும் கறுப்பும் சேர்ந்தால் கறுப்பு, சிவப்பும் சிவப்பும் சேர்ந்தால் சிவப்பு, இரண்டும் கலந்து வந்தால் அடுத்த குழுவுக்குக் கொடு என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள். எதிர் எண் என்ற கருத்தையே சொல்லிக்கொடுக்காமல் வேலை வாங்கிவிட்டார்கள்.

இதில் கொடுமையும் இருக்கிறது, நன்மையும் இருக்கிறது. அந்த அட்டவணைகள் மிகத் துல்லியமானவை. அந்தத் திட்டத்தில் வேலை செய்த மில்டன் ஏப்ரமோவிட்ஸ் தொடங்கி 1964-இல் வெளிவந்த கணிதச் சார்புகள் கையேட்டைப் பொறியாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்தார்கள். பிளாங்க் அந்த ஆட்களை இழிவாக நடத்தவில்லை. விருப்பமுள்ளவர்களுக்கு மேற்கொண்டு கணிதம் சொல்லிக்கொடுத்தார்.

மழைக்காகிதம்:

சரி, சொல் எந்த நாளில் இயந்திரத்துக்குத் தாவியது? அதை யாரும் இன்னும் சொல்லவில்லையே.

எண்சுவடி:

ஒரே நாளில் இல்லை. 1897-லேயே ஒரு பொறியியல் இதழ், வட்ட வடிவக் கணக்குச் சட்டம் ஒன்றைக் கம்ப்யூட்டர் என்று குறிப்பிடுகிறது. ஆனால் அது ஓரத்தில் நடந்தது. நடுப்பொருள் மனிதர்தான். 1936-இல் கணித அறிஞர் ஆலன் டூரிங் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையைப் படித்துப் பாருங்கள். அதில் கம்ப்யூட்டர் காகிதத்தின் ஒரு சதுரத்தைப் பார்க்கிறார், நினைவில் வைக்கிறார், எழுதுகிறார். கம்ப்யூட்டருக்கு 'அவர்' என்ற பிரதிபெயர் வருகிறது. காகிதத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒரு எழுத்தரின் செயலை அணு அணுவாகப் பிரித்து, இதையெல்லாம் இயந்திரமும் செய்யலாம் என்று காட்டுவதுதான் அந்தக் கட்டுரையின் உயிர்.

அதனால்தான் அக்காலப் பெரிய இயந்திரங்களுக்கு வேறு பெயர் இருந்தது. 1944-இல் ஹார்வர்டுக்கு வந்த பெரிய இயந்திரத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் கால்குலேட்டர் என்று முடியும். கம்ப்யூட்டர் என்றால் ஆள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1945-இல் பெல் ஆய்வகத்தின் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் ஓர் அறிக்கையில் எல்லையைப் போட்டார். இந்த அறிக்கையில் கம்ப்யூட்டர் என்றால் இயந்திரம், மனிதரை ஆபரேட்டர் என்று குறிப்பிடுவோம் என்றார். அப்படி ஒரு விளக்கம் எழுத வேண்டியிருந்தது என்பதே, படிப்பவர் மனதில் ஆள்தான் வந்து நிற்பார் என்பதற்குச் சான்று.

1950-இல் டூரிங்கின் அடுத்த பெரிய கட்டுரையில் 'மனிதக் கம்ப்யூட்டர்' என்று அடைமொழி போட வேண்டியதாகிவிட்டது. பதினான்கே ஆண்டுகள். 1936-இல் அடைமொழி இல்லாமல் நின்றவர் 1950-இல் அடைமொழி இல்லாமல் நிற்க முடியவில்லை.

வெண்மதி_வா:

அந்தப் பதினான்கு ஆண்டுகளுக்கு நடுவில் பிலடெல்பியா இருக்கிறது. போர்க்காலம். மூர் பொறியியல் பள்ளியில் ராணுவத்துக்குப் பீரங்கி அட்டவணை போடக் கணிதம் படித்த இளம்பெண்களைக் கூட்டினார்கள். பதவி, கம்ப்யூட்டர். ஒரு குண்டு 60 விநாடி பறக்கும் பாதையை மேசைக் கால்குலேட்டரோடு ஒருவர் போட சுமார் 20 மணி நேரம். ஒரு பீரங்கிக்கு இப்படி ஆயிரக்கணக்கான பாதைகள் வேண்டும். அதற்காகத்தான் எனியாக் என்ற மின்னணு இயந்திரத்தைக் கட்டினார்கள். அது 30 விநாடியில் போட்டது. குண்டு பறக்கும் நேரத்தில் பாதி.

எனியாக்கின் விரிவுப் பெயரில் கடைசிச் சொல் கம்ப்யூட்டர். அதற்குக் கம்பி பொருத்தி, சுவிட்ச் அமைத்து வேலை சொல்லிக்கொடுத்தவர்கள் அதே கம்ப்யூட்டர்களில் ஆறு பேர்: கே மக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்கோஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். கையேடு எதுவும் கிடையாது. வரைபடங்களைப் பார்த்துத் தாங்களே கற்றார்கள். 1946 பிப்ரவரியில் பத்திரிகையாளர்கள் முன் எனியாக் காட்டப்பட்டபோது ஓடிய குண்டுப் பாதைக் கணக்கு அவர்கள் அமைத்தது. செய்திகளில் அவர்கள் பெயர் இல்லை. ஒரே அறையில் ஒரே சொல்லுக்கு உரிய இருவர் நின்றார்கள், உலகம் இயந்திரத்தை மட்டும் பார்த்தது.

கல்வெட்டு, குறுகிய கதவு திறந்திருந்தது என்றீர்கள். வர்ஜீனியாவின் லேங்லி வானூர்தி ஆய்வகத்தில் 1943-இல் கறுப்பினப் பெண்களைக் கணக்குப் போட வைத்தார்களே, அங்கே சாப்பாட்டுக் கூடத்து மேசையில் 'கறுப்பினக் கம்ப்யூட்டர்கள்' என்று ஒரு பலகை இருந்தது. மிரியம் மான் என்பவர் அதைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போவார். மறுபடி வைப்பார்கள், மறுபடி எடுப்பார். ஒருநாள் வைப்பதை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு அந்த இரண்டு சொற்களைச் சேர்த்துப் படிக்கும் பிள்ளைக்கு அது மனிதரைப் பற்றியது என்றே தோன்றாது.

கொழும்புத்துறை:

லேங்லி என்றதும் கேத்தரின் ஜான்சனைச் சொல்லாமல் விடக்கூடாது. 1962 பிப்ரவரி 20 அன்று விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றப் புறப்படுமுன், இயந்திரம் தந்த எண்களை அந்தப் பெண்ணைக் கொண்டு சரிபார்க்கச் சொன்னார். அவர் சரி என்றால் நான் தயார் என்று நின்றார். ஜான்சன் மேசைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துச் சரி சொன்னார். ஒரு கம்ப்யூட்டரை இன்னொரு கம்ப்யூட்டர் சோதித்த நாள். லேங்லியின் அந்தக் கறுப்பினப் பெண்களுக்குத் தலைவியாக இருந்த டொரதி வோன் இயந்திரங்கள் வரப்போவது தெரிந்து ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியைக் கற்று, தன் குழுவினருக்கும் கற்றுக்கொடுத்தார்.

வேறு சில மொழிகளில் இயந்திரத்தின் பெயர் இந்தப் பழைய ஆளைச் சந்திக்கவே இல்லை. பிரான்சில் 1955-இல் ஐபிஎம் நிறுவனம் ஜாக் பெரே என்ற பேராசிரியரிடம் பெயர் கேட்டது. அவர் ஒழுங்கு செய்பவர் என்ற பொருளில் 'ஓர்தினாத்தர்' என்ற சொல்லை எழுதி அனுப்பினார். ஐஸ்லாந்தியரின் 'தோல்வா' எண் என்ற சொல்லையும் குறி சொல்லும் பெண் என்ற சொல்லையும் சேர்த்து ஆக்கியது. எங்களுக்கும் கணினி என்றால் பிறந்த நாளிலிருந்தே இயந்திரம்தான். ஆங்கிலச் சொல்லுக்குள்ளோ ஆட்கள் இருக்கிறார்கள்.

மேட்டுத்தெரு:

இந்தியாவில் அந்த ஆள் முழுதாகப் போய்விடவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையில் 'கம்ப்யூட்டர்' என்ற பணியிடம் நெடுங்காலம் இருந்தது. எண்களைத் தொகுத்து அட்டவணை போடும் ஊழியர். அரசு ஆவணங்களில் அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். இயந்திரத்துக்குக் கடைசியில் 'இ, ஆர்' வரும், இந்த ஊழியருக்கு 'ஓ, ஆர்' வரும். பணி விதிகளைப் புரட்டும்போது பலர் இதை அச்சுப்பிழை என்று கடந்துவிடுகிறார்கள். பிழை இல்லை.

எண்சுவடி:

மேட்டுத்தெரு, இந்தத் தகவலுக்காகவே இழை தொடங்கியது பயனுள்ளதாகிவிட்டது. புதுச்சேரிக் கணக்கரைப் பற்றி நீங்கள் சொன்ன மறுப்பையும் ஏற்கத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது. புரியாமல் போடும் கணக்கு பழையதுதான். ப்ரோனிக்குப் பிறகு புதிதாக வந்தது, அப்படிப் போடுபவர் யார் என்பதே பொருட்டில்லை என்ற ஏற்பாடு.

அந்த 'ஓ, ஆர்' எழுத்துக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. டூரிங்கின் மாணவர் ராபின் கேண்டி 1988-இல் 1936ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பற்றி எழுதும்போது, இன்றைய வாசகர் குழம்பக்கூடாது என்று, காகிதத்தோடு உட்கார்ந்திருக்கும் அந்த மனிதருக்கு மட்டும் 'ஓ, ஆர்' போட்டு எழுதினார். அவரைப் பின்பற்றித் தர்க்கவியலாளர்கள் இன்றும் அப்படி எழுதுகிறார்கள். எங்காவது அந்த எழுத்தைப் பார்த்தால் திருத்திவிடாதீர்கள்.

வெண்மதி_வா:

கணக்கெடுப்புத் துறையில் அந்தப் பணியில் இருந்த யாரையாவது இங்கே எவருக்காவது தெரியுமா? ஒரு நாள் வேலை எப்படி நடந்தது, என்ன இயந்திரம் மேசையில் இருந்தது, பிழையை எப்படிப் பிடித்தார்கள் என்று அவர்கள் வாயால் கேட்டு எழுதி வைக்க விரும்புகிறேன். தெரிந்தவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள்.